அலெக்சி தெ தொக்வில்: வாழ்க்கையும் குடும்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தத் தொக்வில்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். 1805 ஜூலை 29 அன்று பாரிசில் பிறந்த பிரெஞ்சுப் பிரபு. முதலில் நீதித்துறையில் சின்ன வேலை, பிறகு அமெரிக்கப் பயணம், 1839 முதல் 1851 வரை நாடாளுமன்றம், நடுவில் ஐந்து மாதம் வெளியுறவு அமைச்சர். 1859 ஏப்ரல் 16 அன்று தென் பிரான்சின் கான் நகரில் காசநோயால் இறந்தபோது வயது 53. அமெரிக்காவின் மக்களாட்சி பற்றி 1835இலும் 1840இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட நூலும், 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பிரான்சைப் பற்றி 1856இல் எழுதிய நூலும்தான் இன்றுவரை அவர் பெயரைக் காப்பாற்றி வருகின்றன. கல்லூரியில் அரசியல் பாடம் படித்தவர்கள் அந்த நூல்களோடு நின்றுவிடுவார்கள். அவருடைய வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டு திரும்பவும் படித்தால் அதே வரிகள் வேறு மாதிரி கேட்கும், அதனால்தான் இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு இடம்.

பெயரை எப்படிச் சொல்வது?

நம் ஊரில் ஆங்கில வழியாக வந்த 'டோக்வில்', 'டாக்வில்' இரண்டும் புழங்குகின்றன. பிரெஞ்சில் 'தொக்வில்'. அது ஓர் ஊரின் பெயர். நோர்மாந்தியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தாந்தான் தீபகற்பத்தில், ஷெர்பூர் துறைமுகத்துக்குக் கிழக்கே இருக்கும் சின்னக் கிராமம். குடும்பத்தின் பழைய பெயர் கிளெரெல். 1066இல் நோர்மாந்திக் கோமகன் வில்லியமோடு இங்கிலாந்துக்குப் படையெடுத்துப் போனவர்களில் தங்கள் முன்னோர் ஒருவர் இருந்ததாகக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படியானால் 'கோமான்' பட்டம் இருந்ததா?

கோம்த் என்ற பட்டம் இருந்தது. அம்மா 1836இல் இறந்த பிறகு நடந்த பாகப் பிரிவினையில் தொக்வில் மாளிகையும் நிலமும் கடைசிப் பிள்ளையான இவருக்கு வந்தன, அதோடு பட்டமும் வந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

புரட்சி இவருடைய குடும்பத்தை என்ன செய்தது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்பா எர்வேயும் அம்மா லூயிஸ் தெ ரொசான்போவும் 1793 மார்ச்சில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மன்னர் பதினாறாம் லூயி தலை வெட்டப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், அம்மாவின் தாத்தாவான மால்செர்ப் வீட்டில் குடும்பம் மொத்தமும் கூடியிருந்தபோது காவலர்கள் வந்தார்கள், எல்லோரையும் பாரிஸ் சிறைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

1794 ஏப்ரல் 20 அன்று லூயிஸின் அப்பா கில்லட்டினுக்கு, அதாவது தலைவெட்டும் இயந்திரத்துக்குப் போனார். ஏப்ரல் 22 அன்று தாத்தா மால்செர்ப், லூயிஸின் அம்மா, கூடப்பிறந்த அலின், அலினின் கணவர். மூன்றே நாளில் ஐந்து பேர். லூயிஸுக்கு அப்போது 22 வயதுதான் இருக்கும், கல்யாணமாகி ஓராண்டு, தானும் கணவரும் அதே சிறையில், தங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாத நிலையில். ஜூலை 27 அன்று அந்தப் பயங்கர ஆட்சியின் தலைவர் ரொபஸ்பியேர் வீழ்ந்தார், அதனால் இவர்கள் இருவரும் பிழைத்தார்கள். மொத்தம் சுமார் பத்து மாதச் சிறை.

வெளியே வந்த எர்வேக்கு 22 வயது. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் பிற்பகலில் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் அவர் படுத்துத் தூங்கிவிடுவார் என்பார்கள்: சிறையில் அன்றன்றைக்கு விசாரணை மன்றத்துக்குப் போக வேண்டியவர்களின் பெயரைக் கூப்பிடும் நேரம் அது. விழித்திருந்து அந்த நேரத்தைக் கடக்க அவருக்கு விருப்பமில்லை. லூயிஸ் கடைசிவரை தேறவே இல்லை, மன உளைச்சலும் தலைவலியும் விட்டுவிட்டு வரும் அழுகையுமாகத்தான் பிள்ளைகள் தங்கள் தாயை அறிந்திருந்தார்கள்.

அலினின் கணவர், எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் உடன்பிறந்த அண்ணன். அவர்கள் விட்டுச்சென்ற இரண்டு சிறுவர்களை எர்வே தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். ஆக, அலெக்சி பிறந்த வீட்டில் ஐந்து பையன்கள்.

மால்செர்ப் யார்? ஏன் அவர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள்?

அலெக்சியின் கொள்ளுத்தாத்தா, இன்னும் சரியாகச் சொன்னால் அம்மாவின் அம்மாவைப் பெற்றவர். பதினைந்தாம் லூயி காலத்தில் நாட்டில் அச்சாகும் நூல்களுக்கெல்லாம் அனுமதி கொடுக்கும் அதிகாரி. கலைக்களஞ்சியம் தயாரித்த திதரோவின் தாள்களைப் பறிமுதல் செய்ய அரசாணை வந்தபோது, அந்தத் தாள்களைத் தன் சொந்த வீட்டிலேயே பத்திரப்படுத்த இடம் கொடுத்தவர். யாரும் அங்கே தேட மாட்டார்கள் அல்லவா! வரிவிதிப்பு அநியாயங்களைப் பற்றி மன்னருக்கே முகத்துக்கு நேராக முறையீடு எழுதியவரும் இவர்தான், 1771இலும் 1775இலும்.

அப்புறம் 1792 டிசம்பர். மன்னர் குற்றவாளிக் கூண்டில். வாதாட வக்கீல்கள் தயங்குகிறார்கள். 71 வயதான மால்செர்ப் தானாகவே முன்வந்து 'நான் வாதாடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். அதற்குத்தான் தன் உயிரையும் மகள், பேத்தி, மருமகன் உயிரையும் விலையாகக் கொடுத்தார்.

மன்னர் முன் மக்களுக்காகப் பேசியவர், பிறகு மக்கள் முன் மன்னருக்காகப் பேசினார். இந்த இரட்டை உதாரணத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன் என்ற பொருளில் அலெக்சி தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். எழுதும் மேசை மேல் மால்செர்ப்பின் உருவச் சிலையை வைத்திருந்தார். இவருடைய அரசியலை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறவர்கள் (பழமைவாதி, தாராளவாதி, இன்னும் என்னென்னவோ) முதலில் இந்தக் கிழவரைப் பார்த்துவிட்டு வரட்டும். ஆளுகிறவர் யாராக இருந்தாலும் அவர் முன் நின்று எதிராளிக்காகப் பேசுவது. அலெக்சிக்கு அது ரத்தத்தில் வந்த பாடம்.

அப்பா எர்வே பிறகு என்ன செய்தார்?

1814இல் முடியாட்சி திரும்பி வந்ததும் அவர் மாவட்டங்களை ஆளும் பிரிஃபெக்ட் ஆனார், நம்முடைய கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்ழே, பொவே, திஜோன், மெத்ஸ், ஆமியேன், கடைசியில் வெர்சாய் என்று ஊர் ஊராக மாற்றம். மேலவை உறுப்பினராகவும் ஆக்கினார்கள், 1830 புரட்சியில் அந்தப் பதவி போய்விட்டது. முதுமையில் பதினைந்தாம், பதினாறாம் லூயி ஆட்சிகளைப் பற்றி வரலாறு எழுதினார். 1856இல் இறந்தார், மகனின் இரண்டாவது பெரிய நூல் வெளியான அதே மாதங்களில்.

சிறுவயது எப்படி?

சேன் நதிக்கரையில் வெர்னோய் என்ற ஊரில் ஒரு மாளிகை, அங்கேதான் பாதிச் சிறுவயது. ஐம்பது வயது தாண்டிய பிறகு ஓர் ஆங்கிலத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு மாலையை நினைவுகூர்கிறார்: வீட்டில் ஏதோ விசேஷம், உறவினர்கள் கூடியிருக்கிறார்கள், வேலைக்காரர்களை அனுப்பிவிட்டுக் குடும்பம் மட்டும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, அம்மா தன் இனிய குரலில் ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார், சிறையிலிருந்த மன்னரின் துயரத்தைப் பற்றிய பாட்டு. முடிந்தபோது எல்லோரும் அழுதார்கள். தாங்கள் பறிகொடுத்த சொந்தங்களுக்காக அல்ல, பதினைந்து ஆண்டுக்கு முன் இறந்த மன்னருக்காக அழுதார்கள் என்று எழுதுகிறார். எனக்கு அந்தக் கடிதம் அவருடைய எந்தப் பெரிய அத்தியாயத்தையும்விட அதிகம் சொல்கிறது. அந்த அறையில் அழுது வளர்ந்த பையன்தான், பிரபுக்களின் காலம் முடிந்துவிட்டது, சமத்துவம் வந்தே தீரும் என்று 30 வயதுக்குள்ளேயே எழுதப் போகிறவன்.

பாடம் சொல்லிக் கொடுத்தவர் லெசூர் என்ற வயதான பாதிரியார். அப்பாவுக்கும் அவர்தான் ஆசிரியர். பிள்ளைகள் அவரைச் செல்லமாக 'பெபே' என்று கூப்பிட்டார்கள். அவர் 1831இல் இறந்தபோது அலெக்சி அமெரிக்காவில் இருந்தார், பாஸ்டனில் செய்தி கிடைத்ததும் உடைந்துபோனார்.

மத நம்பிக்கை இழந்தார் என்கிறார்களே?

16 வயதில், மெத்ஸ் நகரில், அப்பாவின் நூலகத்தில். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்களின் நூல்களை வரிசையாக எடுத்துப் படித்திருக்கிறார். ஒருநாள் திடீரென்று எல்லா உறுதியும் கரைந்துபோனது, நில நடுக்கத்தில் சுற்றிலும் சுவர்கள் ஆடுவதுபோல இருந்தது என்று 1857இல் மதாம் ஸ்வெச்சின் என்ற தோழிக்கு எழுதினார். அந்தச் சந்தேகம் கடைசிவரை விட்டுப் போகவில்லை. அதே சமயம் மதம் சமூகத்துக்குத் தேவை என்று அவர் உறுதியாக நம்பினார். இரண்டையும் சேர்த்தே சுமந்தார்.

அண்ணன்மார் யார்?

மூத்தவர் இப்போலித் (1797–1877), ராணுவத்தில் இருந்தவர், 1830க்குப் பிறகு விலகிவிட்டார், ஷெர்பூர் பக்கம் நாக்வில் மாளிகையில் குடியிருந்தார். வயதான காலத்தில் குடியரசின் பக்கம் வந்து 1875இல் செனட்டில் ஆயுட்கால உறுப்பினர் ஆனார். நடு அண்ணன் எதுவார் (1800–1874), பணக்கார வங்கிக் குடும்பத்தில் பெண் எடுத்தவர், விவசாயத்தில் ஆர்வம் உள்ளவர். 1826 கடைசியில் அலெக்சியும் எதுவாரும் சேர்ந்து இத்தாலி, சிசிலி சுற்றி வந்தார்கள். மூவரும் நெருக்கம்தான். 1851இல் ஆட்சியை வலுக்கட்டாயமாகப் பிடித்த ஜனாதிபதி லூயி நெப்போலியனோடு எதுவார் ஒத்துப்போனது அலெக்சியை மிகவும் நோகடித்தது. உறவு முறியவில்லை, ஆனால் அந்தக் காயம் கடிதங்களில் தெரிகிறது.

எதற்காக அமெரிக்கா போனார்?

வெளிக் காரணம் சிறைச்சாலைகளை ஆராய்வது. உண்மையான காரணம் வீட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 1830 ஜூலையில் புரட்சி வந்து பத்தாம் சார்ல் நாட்டை விட்டுப் போனார், அரச குடும்பத்தின் ஒர்லேயான் கிளையைச் சேர்ந்த லூயி பிலிப் மன்னரானார். அரசு வேலையில் இருந்தவர்கள் புது மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அலெக்சி வெர்சாய் நீதிமன்றத்தில் பயிற்சி நீதிபதி. பழைய மன்னர் குடும்பத்துக்காகவே ரத்தம் சிந்திய உறவினர்கள் ஒரு பக்கம், நாட்டைக் குழப்பத்தில் விடக் கூடாது என்ற தன் எண்ணம் ஒரு பக்கம். அவர் பிரமாணம் எடுத்துக்கொண்டார், மனசாட்சி ஏற்றாலும் வாழ்வின் கசப்பான நாள் அது. உறவினரும் நெருங்கிய நண்பருமான லூயி தெ கெர்கொர்லே பிரமாணம் எடுக்க மறுத்து ராணுவத்தை விட்டு வெளியேறினார். புது அரசோ இவரையும் முழுதாக நம்பவில்லை. இந்த இறுக்கத்திலிருந்து கொஞ்ச நாள் விலகியிருக்க, கூட வேலை பார்த்த குஸ்தாவ் தெ போமோனோடு சேர்ந்து சிறை ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தார். அனுமதி கிடைத்தது. செலவைக் குடும்பங்கள்தான் ஏற்றன.

அங்கே என்ன பார்த்தார்கள்?

1831 ஏப்ரலில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மே மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்து, 1832 பிப்ரவரியில் திரும்பினார்கள். ஒன்பது மாதம். சிங் சிங், ஆபர்ன், பிலடெல்பியா சிறைகள், மிச்சிகனின் காடுகள், கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக், தெற்கே நியூ ஆர்லியன்ஸ், வாஷிங்டனில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனோடு ஒரு சந்திப்பு. அந்தக் கடுங்குளிர் டிசம்பரில் மெம்பிஸ் நகரில், சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட சொக்டா என்ற பூர்வகுடி மக்கள் காயம்பட்டவர்களும் கைக்குழந்தைகளும் சாகக் கிடக்கும் கிழவர்களுமாக மிசிசிப்பி ஆற்றைக் கடப்பதைக் கண்ணால் பார்த்தார். படகில் ஏறியவர்களிடம் அழுகையே இல்லை, கரையில் விடப்பட்ட நாய்கள் மட்டும் ஊளையிட்டு நீரில் குதித்தன என்று பதிவு செய்திருக்கிறார். அமெரிக்காவைப் புகழ்ந்தவர் என்று மட்டும் இவரைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் ஓர் அரசியல் வழக்கில் பேச மறுத்ததற்காகப் போமோனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதைக் கேட்டு அலெக்சியும் ராஜினாமா செய்தார். நட்பு என்றால் அது. சிறைகள் பற்றிய அறிக்கையை இருவரும் 1833இல் சேர்ந்து வெளியிட்டார்கள், அதற்குப் பரிசும் கிடைத்தது. அமெரிக்கா நூலின் முதல் பகுதி 1835 ஜனவரியில் வந்தது. பதிப்பாளருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, முதலில் 500 பிரதிகூட அச்சடிக்கவில்லை. கொஞ்ச மாதங்களில் மறுபதிப்பு மேல் மறுபதிப்பு.

மனைவி ஆங்கிலேயரா?

ஆமாம். மேரி மாட்லி, பிளிமத் பக்கத்தைச் சேர்ந்தவர், நடுத்தரக் குடும்பம், பிராட்டஸ்டண்ட், இவரைவிட ஆறு வயது மூத்தவர். வெர்சாயில் வேலை பார்த்த நாட்களில் பழக்கமானார். ஒரு பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம் மருமகளிடம் எதிர்பார்க்கும் எதுவுமே, குலமோ பணமோ மதமோ இளமையோ, அவரிடம் இல்லை. வீட்டில் எதிர்ப்பு, நண்பர் கெர்கொர்லேகூடத் தடுத்துப் பார்த்தார். ஏழு ஆண்டுபோலக் காத்திருந்து, மேரி கத்தோலிக்கராக மாறிய பிறகு, 1835 அக்டோபர் 26 அன்று பாரிசில் கல்யாணம்.

மணவாழ்க்கை சுமுகமாகவே போனது என்று சொல்ல முடியாது. இவர் படபடப்பு, அவர் நிதானம். மேரி மெதுவாகச் சாப்பிடுவதைப் பொறுக்காமல் ஒருநாள் இவர் தட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தார், அவர் முகம் மாறாமல் இன்னொரு துண்டு கொண்டுவரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. இவருடைய நடத்தையிலும் குறை இருந்தது, அதனால் மேரி வருந்தியதும் உண்மை. மாமியார் வீட்டாரோடு மேரிக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. ஆனால் தன் நிம்மதி இவளிடம்தான் இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். 1848 பிப்ரவரிப் புரட்சியின்போது அண்ணி அலறிப் புலம்பிக்கொண்டிருந்ததையும் மேரி கலங்காமல் நின்றதையும் அருகருகே வைத்துத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார், அண்ணிக்கு அது இரக்கமற்ற வர்ணனை.

பிள்ளைகள்?

இல்லை. இருவருக்கும் அது பெரிய குறையாகவே இருந்தது.

தேர்தலில் முதல் முறை தோற்றாரா?

1837இல், வலோஞ் தொகுதியில். அப்போது ஓட்டுரிமை ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும், நாடு முழுவதற்கும் சுமார் 2 லட்சம் பேர், தொகுதிக்குச் சில நூறு. பிரதமராக இருந்த மோலே சொந்தக்காரர்; அரசு ஆதரவு தருகிறேன் என்றார், இவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எதிரணி 'பிரபுக்கள் வேண்டாம்' என்று கோஷம் போட்டது.

இதில் புறாக்கூண்டுக் கதையும் உண்டு. தொக்வில் மாளிகைக்கு முன்னால் பெரிய வட்டக் கற்கோபுரம் ஒன்று இருக்கிறது, பழைய புறாக்கூண்டு. புரட்சிக்கு முன் பண்ணைப் பிரபுக்கள் மட்டும்தான் இப்படிப் புறா வளர்க்கலாம். அவை விதைத்த வயலில் இறங்கித் தின்னும், குடியானவன் விரட்டக்கூட முடியாது. 1789 ஆகஸ்ட் 4 இரவில் ஒழித்த உரிமைகளில் அதுவும் ஒன்று. கூண்டு காலியாகி ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. இருந்தும், இவரை ஜெயிக்க வைத்தால் புறாக்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார் என்று பேச்சு! குடியானவர்களின் அந்தப் பயத்தை அவர் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. புரட்சிக்கு முந்தைய பிரான்சைப் பற்றி எழுதியபோது, சின்னச் சின்ன உரிமைகளே ஏன் பெரிய வெறுப்பை வளர்த்தன, பிரபு ஊரை ஆளுவதை நிறுத்திய பிறகும் அவனுடைய சலுகைகள் மட்டும் நின்றதால் அவை எப்படிக் கசந்தன என்று விளக்குகிறார்.

1839இல் அதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு தோற்கவே இல்லை.

நாடாளுமன்றத்தில் எப்படி?

மேடைப் பேச்சாளர் இல்லை. குரல் மெலிது, ஆட்களின் முகமும் பெயரும் நினைவில் நிற்காது, கூட்டணி சேர்க்கும் சாமர்த்தியமும் இல்லை. இவை எல்லாவற்றையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உழைப்பு குழு அறிக்கைகளில் இருந்தது: சிறைச் சீர்திருத்தம், அடிமை ஒழிப்பு. 1839இல் அடிமை ஒழிப்பு பற்றி அவர் கொடுத்த அறிக்கை, காலனிகளில் எல்லா அடிமைகளையும் ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும் என்றது. கூடவே எஜமானர்களுக்கு நஷ்டஈடும் கேட்டது. விடுதலை வந்தது 1848 ஏப்ரலில். அதன் தொடர்ச்சி நம்மையும் தொட்டது: கரும்புத் தோட்டங்களில் ஆள் வேண்டி 1850களில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள்.

அல்ஜீரியா விஷயத்தில் அவரை மன்னிக்க முடியுமா?

எனக்கு முடியவில்லை. 1830 முதல் பிரான்ஸ் படை நடத்திப் பிடித்துவந்த நாடு அது. 1841இல் போமோனோடும் அண்ணன் இப்போலித்தோடும், 1846இல் மேரியோடும் அங்கே போனார். 1841 பயணத்துக்குப் பின் எழுதிய குறிப்பில், பயிர்களை எரிப்பதும் ஆயுதமற்றவர்களைப் பிடிப்பதும் வருந்தத்தக்க தேவைகள் என்று நியாயப்படுத்துகிறார். சொக்டா மக்களுக்காகக் கண்கலங்கியவர் எழுதிய வரிகள்தான் இவையும். 1847 அறிக்கையில், நாம் வருவதற்கு முன் இருந்ததைவிட முஸ்லிம் சமூகத்தை அதிகத் துயரத்திலும் சீர்குலைவிலும் தள்ளிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பிரான்ஸ் வெளியேற வேண்டும் என்று ஒருபோதும் சொல்லவில்லை. நாட்டின் கௌரவம் என்ற எண்ணம் அவர் கண்ணை மறைத்தது. அவரை நேசித்துப் படிப்பவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தியா பற்றி எழுதினாரா?

1840களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தியாவைப் பிடித்த கதையை எழுதக் குறிப்புகள் சேர்த்தார். ஒரு கைப்பிடி வியாபாரிகளால் இவ்வளவு பெரிய நாட்டை எப்படிப் பிடிக்க முடிந்தது என்பதுதான் அவர் கேள்வி, சாதிப் பிரிவினையில் விடையின் ஒரு பகுதியைத் தேடினார். நூல் முடியவில்லை. 1857 கிளர்ச்சியின்போது ஆங்கில நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் நின்றது ஆங்கிலேயர் பக்கம்.

1848இல் கிராமத்தோடு நடந்துபோய் ஓட்டுப் போட்டார் என்பது உண்மையா?

உண்மை, அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு ஜனவரி 27 அன்று, நாம் எரிமலை மேல் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவையில் எச்சரித்தார். நான்கே வாரத்தில் முடியாட்சி கவிழ்ந்தது. ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு வந்தது. தேர்தல் வேலைக்காக ஊருக்கு வந்தவர் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தார்: காலி அறைகள், தூசி படிந்த சாமான்கள், அணைந்த அடுப்பு, நின்றுபோன கடிகாரங்கள், வரவேற்க ஒரு கிழட்டு நாய்.

ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. வாக்குச்சாவடி பக்கத்து ஊரான சேன்-பியேர்-எக்லீசில். காலையில் கோயில் முன் கூடிய ஆண்கள் அகரவரிசையில் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டினார்கள், நடக்க முடியாதவர்கள் பின்னால் குதிரையிலும் வண்டியிலும். மொத்தம் 170 பேர். ஊரின் பெரிய வீட்டுக்காரர் முன்னால் நிற்பார் என்று எவரும் நினைப்பார்கள். அவர் தன் பெயரின் எழுத்து வந்த இடத்தில் போய் நின்றுகொண்டார், அதாவது வரிசையின் வாலில். மக்களாட்சி நாட்டில் மற்றவர்கள்தான் உன்னை முன்னால் நிறுத்த வேண்டும், நீயாகப் போய் நிற்கக் கூடாது என்று காரணமும் எழுதினார். பாதி வழியில் மேட்டில் ஏறி, அவர்கள் கேட்டுக்கொண்டபடி சில வார்த்தை பேசினார்: அன்று மழை, ஓட்டுப் போடும்வரை உடை உலர்த்தவோ சாப்பிடவோ யார் வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள், யாரும் உங்களைத் திசைதிருப்ப விடாதீர்கள். சுமார் 1,20,000 வாக்குகளில் அவருக்கு 1,10,704. வெர்னோய் வீட்டில் அம்மாவின் பாட்டுக்கு அழுத அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டு இந்த நடையைப் படித்துப் பாருங்கள்.

ஓட்டுரிமையில்லாத பெண்கள் அன்று ஊரிலேயே இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் அவர்களுக்கு ஓட்டு வந்தது 1944இல்தான்.

அமைச்சராக என்ன செய்தார்?

1849 ஜூன் 2 முதல் அக்டோபர் கடைசி வரை. ரோமில் போப்பின் ஆட்சியை மீட்கப் போன பிரெஞ்சுப் படை விவகாரம் அவர் தலையில் விழுந்தது, மனம் ஒப்பாமலே அதைத் தாங்கிப் பேசினார். துருக்கியில் அடைக்கலம் புகுந்த ஹங்கேரிப் புரட்சியாளர்களை ஒப்படைக்கச் சொல்லி ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மிரட்டியபோது துருக்கியின் பக்கம் நின்றார். அலுவலகத் தலைவராக அவர் வைத்திருந்த கொபினோ பின்னாளில் இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார், அது தவறு மட்டுமல்ல, கேடும் விளைவிக்கும் என்று கடிதத்தில் நேராகவே எழுதிச் சொன்னார் இவர்.

1851இல் கைதானது எப்படி?

டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் அவையைக் கலைத்து ஆட்சியைப் பிடித்தார். 200க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு நகராட்சி அலுவலகத்தில் கூடி அவரைப் பதவி நீக்கம் செய்வதாகத் தீர்மானம் போட்டார்கள், படை வந்து எல்லோரையும் கொண்டுபோனது. இவரும் அதில் இருந்தார். இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். நடந்ததை எழுதி லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குப் பெயரில்லாமல் அனுப்பினார், பிரான்சில் அதை அச்சிட வழி இல்லை. புது ஆட்சிக்குப் பிரமாணம் எடுக்க மறுத்து உள்ளூர் மன்றப் பதவியையும் விட்டார். 1830இல் எடுத்தவர் 1852இல் எடுக்கவில்லை.

கடைசி ஆண்டுகள்?

1850 மார்ச்சில் முதல் முறை ரத்தம் கக்கினார். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த குளிர்காலத்தை இத்தாலியின் சொரெந்தோவில் கழித்தபடி 1848 நினைவுகளை எழுதினார். பிறகு தூர் நகர ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழைய வரிக் கணக்குகளையும் அதிகாரிகளின் கடிதங்களையும் படித்ததில் வந்ததுதான் 1856 நூல். அதன் அடுத்த பகுதி முடியவில்லை. 1858 கடைசியில் கான் நகருக்குப் போனார். போமோன் வந்து கூட இருந்தார். கடைசி நாட்களில் மேரியோடு சேர்ந்து நற்கருணை வாங்கினார். நம்பிக்கை திரும்பியதா, மனைவிக்காகவா என்று இன்னும் வாதம் நடக்கிறது. உடலைத் தொக்வில் கிராமத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அவருடைய தாள்கள் என்ன ஆயின?

மேரி கட்டிக் காத்து, எதிர்காலத்துக்குப் போமோனிடம் ஒப்படைத்தார், 1864இல் இறந்தார். போமோன் நண்பரின் நூல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டு 1866இல் கண்மூடினார். 1848 நினைவுக் குறிப்புகளை மட்டும், அதில் வரும் ஆட்கள் உயிரோடிருக்கும்வரை வெளியிடக் கூடாது என்பது அலெக்சியின் விருப்பம். 1893இல் குடும்பத்தார் வெளியிட்டார்கள், சில இடங்களை வெட்டிவிட்டு. வெட்டாத முழு வடிவம் வாசகர் கைக்கு வர 1942 ஆயிற்று. மாளிகையும் அந்தக் காலிப் புறாக்கூண்டும் இன்றும் அங்கே நிற்கின்றன.